வாய் வைத்து உறிஞ்சும் அந்தக் காட்சி

சினிமாவில் நாயகியின் காலில் பாம்பு கொத்தும். நாயகன் துணியைக் கிழித்து இறுகக் கட்டி, கத்தியால் கீறி, வாய் வைத்து உறிஞ்சித் துப்புவான். கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்துவிடுவாள். இந்த மூன்றையும் செய்துவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்கள் இன்றும் உண்டு.

உறிஞ்சினால் வருவது ரத்தம்தான். விஷம் அதற்குள் தசையில் இறங்கியிருக்கும். இறுகக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கால் அழுகும். அவிழ்த்ததும் தேங்கிய விஷம் மொத்தமாக ஏறும். கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் கடியில் கத்தி வைப்பது இன்னும் மோசம். அந்த விஷத்தால் ரத்தம் உறையாமல் போகும், கீறிய இடத்தில் நிற்காமல் வடியும். இதைத்தான் மருத்துவமனையில் சோதிப்போம்: உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம், 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒருமுறை சாய்த்து, உறைந்ததா என்று பார்த்தால் போதும். பிளாஸ்டிக் குழாயிலோ சோப்பு போட்டுக் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தமே உறையாமல் ஏமாற்றிவிடும்.

சினிமாவில் கடிபட்டவர் வாயில் நுரை தள்ளுவது மட்டும் முழுப்பொய் இல்லை. நாகம், கட்டுவிரியன் விஷத்தில் தொண்டைத் தசை தளர்ந்து எச்சிலை விழுங்க முடியாது. மல்லாக்கப் படுக்கவைத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும்; ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மோதிரம், கொலுசைக் கழற்றி, எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் காலை அசையாமல், ஆனால் இறுக்காமல் கட்டி, 108-ஐ அழையுங்கள். தரையில் படுத்தவருக்கு விடிகாலையில் வயிற்றுவலி, இமை சரிவு என்றால் கட்டுவிரியனைச் சந்தேகியுங்கள். கடித்த தடமே தெரியாமல் இருக்கலாம்.

பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். பொதுவாக 8 முதல் 10 குப்பியில் தொடங்குவோம். குழந்தைக்கும் அதே அளவு. பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லையே. சினிமா மந்திரவாதியாக்கிய இருளர்கள்தான் 1978-ல் தொடங்கிய, சென்னை அருகேயுள்ள வடநெம்மேலி கூட்டுறவுச் சங்கம் வழியாக அந்த மருந்துக்கு விஷம் எடுத்துத் தருகிறார்கள்.

பால் குடிக்கும் பாம்புக்கு வருவோம். பல நாள் தண்ணீர் காட்டாமல் தாகத்தில் வாடவிட்ட பாம்புதான் கிண்ணத்தில் வாய் வைக்கும். பாலைச் செரிக்க அதனால் முடியாது. மூச்சுத்துளை வாயின் முன்பக்கத்திலேயே இருப்பதால், பால் நுரையீரலுக்குள் புகுந்து சளி கட்டும். பல்லைப் பிடுங்கி, வாயைத் தைத்து வித்தை காட்டப்படும் பாம்பு என்றால் அந்தப் புண்ணும் சீழ் வைத்திருக்கும். திரையில் இப்போது பெரும்பாலும் கிராபிக்ஸ் பாம்புதான். புற்றில் ஊற்றுகிற பால் மட்டும் நிஜம்.