ஆனிக் காற்றும் சோலார் தண்ணீரும்

"ஆனி மாசத்துல வெயில் நல்லாத்தானுங்க அடிக்குது, ஆனா சோலார்ல தண்ணி வெதுவெதுன்னுதான் வருது. நாளைக்கு எவ்வளவு சூடா வரும்னு இந்த ஏஐ சொல்லுமுங்களா?" உடுமலையிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி.

சொல்லும். 1999-லேயே சைப்ரஸைச் சேர்ந்த சோடெரிஸ் கலோகிரூவும் உடன் ஆய்வாளர்களும், 30 சோலார் அமைப்புகளின் அளவீடுகளைக் கொடுத்து ஒரு செயற்கை நரம்பு வலையை, அதாவது தரவைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் ஒரு வகை ஏஐயைப் பழக்கினார்கள். தொட்டித் தண்ணீர் எத்தனை டிகிரி ஏறும் என்று அது கணித்தது.

முதலில் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று, தட்டு வகை சோலாரின் கண்ணாடியில் இருக்கும் சூட்டை வழித்துக்கொண்டு போய்விடும். மேகமும் வந்து வந்து மறைக்கும். வெற்றிடக் குழாய் வகை என்றால் காற்றின் பாச்சா அவ்வளவாகப் பலிக்காது.

இதற்கு எதற்கு நரம்பு வலை, சூத்திரம் போதாதா? 100 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 4 யூனிட் வெப்பம் வேண்டும். இது பள்ளிக் கணக்கு. சிக்கல் இழப்பில்தான். தகடு சூடேறச் சூடேற அது வெளியே விடும் வெப்பமும் கூடும், அதில் கதிர்வீச்சாகப் போவது வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அதனால் தண்ணீரின் சூடு காலையில் விறுவிறுவென்று ஏறி, மதியத்துக்கு மேல் மந்தமாகும். வரைந்தால் கோடு வளையும்.

எனக்குப் பிடித்த இடம் இந்த வளைவுதான். வலை என்பது கணு எனப்படும் சின்னச் சின்னக் கணக்குப் புள்ளிகளின் பின்னல். ஒவ்வொரு கணுவும் வெயில், காற்று, காலையில் தொட்டியில் இருந்த சூடு ஆகிய எண்களை ஆளுக்கொரு எடையால், அதாவது அதது எவ்வளவு முக்கியம் என்று சொல்லும் எண்ணால், பெருக்கிக் கூட்டுகிறது. அத்தோடு நிறுத்தினால் பயனில்லை. y = 3x, z = 2y என்றால் z = 6x; நேர்கோட்டுக்குள் நேர்கோட்டைப் போட்டால் நேர்கோடுதான் வரும், ஆயிரம் அடுக்கு வைத்தாலும் சரி. ஆகவே கூட்டி வந்த எண்ணை ஒவ்வொரு கணுவும் எஸ் வடிவத்தில் வளைத்து அனுப்புகிறது: சிறிய எண் வந்தால் சும்மா இருக்கும், ஓர் எல்லையில் சட்டென எழும்பும், அப்புறம் மட்டமாகிவிடும். ஒரு கணு காற்று வலுத்தால் எழும்பலாம், இன்னொன்று வெயில் கொளுத்தினால். இப்படி வெவ்வேறு இடத்தில் எழும்பும் வளைவுகளைப் போதிய அளவு கூட்டினால், தொடர்ச்சியான எந்த வளைகோட்டையும் வேண்டிய அளவுக்கு நெருங்கலாம் என்று 1989-இல் சைபெங்கோ என்ற ஆய்வாளர் நிரூபித்தார். நான்காம் அடுக்கு என்ற பேச்சே வலைக்குத் தெரியாது, ஆனாலும் அந்த வளைவைப் பிடித்துவிடும்!

எடைகளை யார் சொல்வது? யாரும் இல்லை. கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பின்னோக்கிப் பங்குபிரித்து, ஒவ்வொரு எடையையும் துளித்துளியாகத் திருத்துவார்கள்.

ஆனால் காட்டாததை வலை அறியாது. கடலோரச் சென்னையின் தரவில் பழகியது உடுமலையின் ஆனிக் காற்றில் தடுமாறும். இங்கேதான் எனக்கு ஆதங்கம். கணினிக் கூடத்துக்கு லட்சக்கணக்கில் செலவிடுகிறோம். மொட்டை மாடியில் வெயில்மானி வைத்து ஒரு வருஷம் அளக்கக் காசு கேட்டால் மட்டும் யோசிக்கிறோம். வாஸ்து வேறு. கன்னி மூலையில் தண்ணீர்த் தொட்டியை உயரமாகக் கட்டிவிட்டு, அதற்கு வடகிழக்கே சோலாரை வைப்பார்கள். மார்கழி மாலையில் வெயில் தென்மேற்கிலிருந்து சாயும், தொட்டியின் நிழல் நேராகத் தகட்டின் மேல் விழும். அந்த வீட்டுத் தரவில் பழகும் வலை வாஸ்துவையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும்.

உடுமலை வாசகருக்கு நாளைய சூட்டைவிட உதவக்கூடியது இன்னொன்று. சோலார் புதிதாக இருக்கும்போதே வலையைப் பழக்கி வைத்துவிட வேண்டும். பிறகு வலை 60 டிகிரி என்று சொல்ல, தொட்டி நாள் தவறாமல் 52-லேயே நின்றால், காற்றைக் குறை சொல்ல முடியாது. காற்று ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. போர் தண்ணீரின் உப்பு குழாயில் படிந்திருக்கிறதா, கண்ணாடியில் தூசி ஏறியிருக்கிறதா என்று ஆளைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான்.