கனெக்சின்: இடைவெளியா, இடைவழியா?

சேலம் ரயில் நிலையப் பலகை 'சந்திப்பு' என்கிறது; ஊர்வாயில் அது ஜங்ஷன். உயிரியலிலும் பக்கத்துப் பக்கத்து உயிரணுக்களை இணைக்கும் ஒரு ஜங்ஷன் உண்டு. கேப் ஜங்ஷன் என்னும் அதன் ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்து 'இடைவெளிச் சந்திப்பு' என்கிறோம். இடைவெளி இருந்தால் சந்திப்பு எப்படி என்று ஏற்காட்டுப் பள்ளி மாணவி கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

ஒட்டிக்கிடப்பதாக நினைத்த இரு உயிரணுச் சவ்வுகளுக்கு நடுவே சுமார் 2 நானோமீட்டர் இடுக்கு இருப்பதை 1967இல் ரெவல், கார்னாவ்ஸ்கி என்னும் ஆய்வாளர்கள் இருவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டினார்கள். கண்ணில் பட்ட இடுக்குக்கே பெயர் போய்விட்டது. வேலை செய்வதோ அதைத் தாண்டும் நுண்குழாய்கள். ஆறு புரதங்கள் வட்டமாகக் கூடினால் அரைக்குழாய். பக்கத்து உயிரணுவின் அரைக்குழாய் வந்து பொருந்தினால் முழு வழி. அயனிகளும் சிறு மூலக்கூறுகளும் போகும், பெரிய புரதங்கள் போகா. அந்த ஆறில் ஒவ்வொன்றும் கனெக்சின். 1974இல் குட்இனஃப் என்னும் ஆய்வாளர் இட்ட பெயர். 'பிணைத்தல்' என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது.

இன்சுலினைப் போலக் கனெக்சினும் அப்படியே இருக்கட்டும். சந்திப்பை மட்டும் 'உயிரணு இடைவழி' என்று மாற்றலாம் என்பேன். 'வெளி' என்பது 'வழி' ஆனால் பொருள் நேராகிவிடும்.

கண்வில்லைக்கு இந்த வழிகள்தான் கதி. அதற்கு ரத்தக்குழாய் கிடையாது. ஒளி தடையின்றிப் போக, உள்நார் உயிரணுக்கள் உட்கருவையே இழந்து நிற்கின்றன. நடுவிலிருக்கும் உயிரணுவுக்குச் சத்தும், துருவேறாமல் காக்கும் குளூட்டாதயோனும் அண்டை உயிரணுக்கள் வழியாகவே வர வேண்டும். அங்கே உழைப்பவை கனெக்சின் 46, 50. எண்கள் அந்தப் புரதங்களின் எடையை, கிலோடால்டன் என்னும் மூலக்கூறு எடை அலகில், குறிப்பவை. இவற்றின் மரபணு பழுதானால் வழி அடைபடலாம், அல்லது ஒழுகலாம். கால்சியம் ஏறி, வில்லையை நிரப்பியிருக்கும் கிரிஸ்டலின் புரதங்கள் திரண்டு, வில்லை மங்கும்; அதுதான் கண்புரை. கனெக்சின் 50இன் பழுது குடும்பவழிக் கண்புரைக்குக் காரணம் என்பது 1998இல் தெரிந்தது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். முதுமைப் புரை பெரும்பாலும் வேறு கதை.

புரை என்றால் குற்றம், உள்துளை. 'புரைதீர்ந்த நன்மை' என்பது குறள். 'புரையோடிய புண்' என்பது பேச்சு. கண் முகாம்களில் 'பூ விழுந்திருக்கிறது' என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் உண்டு. பூ என்பது கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கார்னியாவின் தழும்பு; புரை உள்ளே வில்லையில். கைக்குழந்தையின் கண்மணி வெளுத்திருந்தால் பூ என்று விட்டுவிடக் கூடாது. பிறவிப் புரையைத் தாமதித்து எடுத்தால், வழி திறந்த பிறகும் மூளை பார்க்கப் பழகியிராது.