அந்த ஒரு வரிக்குள் 401 கேள்விகள்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு மாடி அறை. மென்பொருள் எழுதுபவர்களுக்கு நான் அங்கே வகுப்பு எடுக்கிறேன். அன்றைய வகுப்புக்கு வந்திருந்த பதினொரு பேரில் ஆறு ஆண்டுக்குக் குறைந்த அனுபவம் உள்ளவர் ஒருவர்கூட இல்லை. எல்லாரிலும் மூத்தவருக்குப் பதினெட்டு ஆண்டு. பாளையங்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்குப் பில் போடும் மென்பொருளை எழுதிக்கொடுத்து, இன்றுவரை அதைப் பராமரித்தும் வருபவர். கடை அண்ணாச்சி ஒரு மாதமாக அவரைத் தொலைபேசியில் துளைத்துக்கொண்டிருந்தார். "தம்பி, நேற்றைய பில்லைப் பார்க்கலாம் என்று அழுத்தினால் திரை வெள்ளையாகவே நிற்கிறது. முன்பெல்லாம் கண் இமைப்பதற்குள் வருமே!"

அந்த மென்பொருளையே திரையில் திறக்கச் சொன்னேன். அதற்குப் பக்கத்தில், தரவுகளைச் சேமித்து வைத்திருக்கும் டேட்டாபேஸுக்குப் போகும் ஒவ்வொரு குவெரியையும், அதாவது கேள்வியையும், வரிவரியாகக் காட்டும் பதிவை ஓட விட்டேன். அவர் பட்டனை அழுத்தினார். வரிகள் ஓடத் தொடங்கின. ஓடிக்கொண்டே இருந்தன. ஒருவழியாக நின்றபோது எண்ணிப் பார்த்தோம்: 401.

அறையில் பேச்சில்லை. அவர் எழுந்து வந்து திரைக்கு அருகில் குனிந்து பார்த்தார். "சார், நான் ஒரே ஒரு வரிதான் எழுதினேன்" என்றார்.

அவர் சொன்னது சத்தியமான உண்மை. நேற்றைய பில்களைக் கொண்டுவர ஒரு குவெரி. அதில் 400 பில் வந்தது. ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே வாடிக்கையாளர் பெயரைக் காட்ட அவர் எழுதியது ஒரே வரி. ஓ.ஆர்.எம். என்று நாங்கள் சொல்லும் இடைநிலை மென்பொருள், அந்தப் பெயரைத் தொடும்போதெல்லாம் அவருக்குத் தெரியாமல் டேட்டாபேஸுக்கு ஓடிப்போய் ஒரு பெயரை எடுத்து வந்தது. பட்டியலுக்கு ஒன்று, பெயர்களுக்கு 400. தொழிலில் இதற்கு 'என் பிளஸ் ஒன்' என்று பெயர்.

சீட்டில் 400 சாமான் இருக்கிறது. கடைப்பையனிடம் முழுச் சீட்டையும் கொடுத்துக் கிட்டங்கிக்கு அனுப்பினால் ஒரே நடையில் வேலை முடியும். ஒவ்வொரு சாமானாகச் சொல்லி அனுப்பினால் 400 நடை. சர்வர் கல்லாவுக்கு அடியிலேயே இருந்த காலத்தில் கிட்டங்கி பக்கத்துக் கதவு. பையன் எத்தனை நடை நடந்தாலும் யாருக்கும் தெரியவில்லை. போன மாதம் டேட்டாபேஸை மும்பையில் உள்ள கிளவுட் சர்வருக்கு மாற்றினார்கள். ஒரு முறை போய்வர 30 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொண்டாலும் 401 முறைக்கு 12 விநாடி. நிரலில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை, தூரம் மாறிவிட்டது. வாடிக்கையாளர் பெயரையும் முதல் குவெரியிலேயே சேர்த்துக் கேட்கும்படி ஒரு வரியைத் திருத்தினார். 401 என்பது 1 ஆனது.

இந்த வட்டாரத்தில் மென்பொருள் வேலை என்றால் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுவது என்ற காலம் மாறிக்கொண்டிருக்கிறது. கங்கைகொண்டானில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனமான ஜோஹோ இருக்கிறது. இவை தவிர, டவுனிலும் ஜங்ஷனிலும் பெருமாள்புரத்திலும் இருவர் மூவராக உட்கார்ந்து கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் எழுதிக்கொடுப்பவர்கள் ஏராளம். என்னை அழைப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது, "புது நூலகம் ஒன்று வந்திருக்கிறது, இரண்டு நாளில் சொல்லிக்கொடுங்கள்" என்பதுதான். நூலகம் என்றால் ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் தொகுப்பு. அதன் கட்டளைகளை அனுபவசாலி ஒருவர் கையேட்டைப் பார்த்தே படித்துக்கொள்வார். தாம் எழுதிய நிரல் டேட்டாபேஸிடம் உண்மையில் என்ன கேட்கிறது, எத்தனை முறை கேட்கிறது என்பதைத்தான் அவருக்கு யாரும் காட்டியதில்லை. என் வகுப்பு முழுவதும் அந்த ஒன்றைச் சுற்றியே நடக்கிறது.

அனுபவசாலிகளிடம் ஏன் இந்தப் பழக்கம் இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் அவர்களுக்குப் பாடம் எடுக்கப் போகக் கூடாது. அந்த மூத்தவர் தொழில் பழகியது ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில். மைக்ரோசாஃப்ட் 2004-இல் வெளியிட்ட 9-ஆம் பதிப்போடு அது நின்றுவிட்டது. 2015 ஜனவரியில் ஆதரவும் முடிந்தது. ஆனால் அதில் பழகிய கை அப்படியே இருக்கிறது. அதில் தரவு அதே கணினியின் வட்டில் ஒரு கோப்பாக இருக்கும். ஒரு பதிவைத் தேடு, படி, அடுத்ததற்குப் போ, படி என்று நடப்பதுதான் முறை. அந்த இடத்துக்கு அது சரியான முறையும்கூட. ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட கட்டுரை காட்டிய வழி வேறு. எது வேண்டும் என்பதை மொத்தமாகச் சொல்லிவிட்டால் போதும், எப்படி எடுப்பது என்பது டேட்டாபேஸின் பொறுப்பு. பிற்பாடு வந்த, நிரலை டேட்டாபேஸோடு இணைக்கும் ஓ.டி.பி.சி., ஜே.டி.பி.சி., அடுத்து வந்த ஹைபர்நேட், என்டிட்டி ஃபிரேம்வொர்க் போன்ற ஓ.ஆர்.எம்.கள் எல்லாம் வேலையை எளிதாக்கின. கூடவே, நடுவில் நடப்பதைத் திரை போட்டு மறைத்தும்விட்டன. பழைய நடை புதிய திரைக்குப் பின்னால் தொடர்கிறது. இதைச் சொன்னதும் மூத்தவர்களின் முகத்தில் ஒரு தெளிவு வரும். தங்களைக் குறை சொல்கிறார்கள் என்ற எண்ணம் விலகினால்தான் பாடம் உள்ளே இறங்கும்.

அதனால் புதியவர்களையும் மூத்தவர்களையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்க நான் ஒப்புக்கொள்வதில்லை. தாம் வேலை சொல்லிக்கொடுத்த பிள்ளைகளின் முன்னால் தமது நிரலைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் மனம் வராது. ஒவ்வொருவரும் தமது மென்பொருளிலேயே மிக மெதுவான பக்கத்தைக் கொண்டுவர வேண்டும். அதை ஓட்டுவதற்கு முன், எத்தனை குவெரி போகும் என்று ஒரு தாளில் எழுதி மடித்து வைக்க வேண்டும். பிறகு ஓட்டிப் பார்ப்போம். தாளில் உள்ள எண்ணுக்கும் திரையில் உள்ள எண்ணுக்கும் இடையே இருக்கும் தூரத்தைவிட நல்ல ஆசிரியரை நான் கண்டதில்லை.

இன்னொன்றையும் கட்டாயமாக்கியிருக்கிறேன்: சோதனைக்குப் பத்து லட்சம் வரிசை உள்ள டேபிள், அதாவது தரவு அட்டவணை. நிரல் எழுதுபவரின் கணினியில் ஐம்பது வரிசைதான் இருக்கும். ஐம்பதில் எந்தக் குவெரியும் வேகமாகத்தான் ஓடும். 'தேதியின் ஆண்டு 2024' என்று எழுதித் தேடினால், தேதி மீது இன்டெக்ஸ் (புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு போன்றது) இருந்தும் டேட்டாபேஸ் பல நேரங்களில் அதைப் பயன்படுத்த முடியாமல் டேபிள் முழுவதையும் படிக்கும். 'ஜனவரி 1 முதல், அடுத்த ஜனவரி 1-க்கு முன்வரை' என்று எழுதினால் நேராக அந்த இடத்துக்குப் போகும். ஐம்பது வரிசையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

டேட்டாபேஸோடு நிரல் திறக்கும் இணைப்பை, அதாவது கனெக்ஷனை, மூடாமல் விடுவதும் இதே வகைதான். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் என்ற நிரல் தளத்தில், எஸ்கியூஎல் சர்வர் என்ற அதன் டேட்டாபேஸுக்கு, நாம் மாற்றாத வரையில், எடுத்துப் பயன்படுத்தித் திருப்பித் தரும் ஒரு தொகுப்பில் அதிகபட்சம் 100 கனெக்ஷன். நூறும் வெளியே போய்த் திரும்பவில்லை என்றால் 101-ஆவது ஆள் 15 விநாடி காத்திருந்து பிழைச் செய்தியோடு திரும்புவார். திறந்த மடையை அடைப்பது திறந்தவர் பொறுப்பு என்பதைத் தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நிரலில் பிழை வந்து நடுவில் வெளியேறினாலும் கனெக்ஷன் தானாக மூடும்படி எழுத வேண்டும் என்பதை மட்டும் காட்டுகிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள சிக்கலுக்கு அதிக நேரம் கொடுக்கிறேன். 'திருநெல்வேலி' என்பது நமக்கு ஆறு எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் அது 12 குறியீடு. யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 36 பைட். இருபது பைட் போதும் என்று ஊர்ப்பெயருக்கு இடம் ஒதுக்கியவரின் டேபிளில் நம் மாவட்டத் தலைநகரமே அடங்காது. எஸ்கியூஎல் சர்வரில் யூனிகோடு அல்லாத சாதாரண எழுத்து வகையில் தமிழைப் போட்டால், பெரும்பாலும் பெயர் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும். அவற்றிலிருந்து பெயரை மீட்க வழியே கிடையாது.

அதைவிட நுட்பமானது 'கோவில்பட்டி'. 'கோ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்க்கலாம். அல்லது ககரத்தோடு ஏகாரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வழக்கமான அமைப்பில் அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ஒரு கணினியில் உள்ளிட்ட ஊரை இன்னொரு கணினியிலிருந்து தேடினால் 'இல்லை' என்று வரும். உள்ளே வாங்கும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். போஸ்ட்கிரெஸில் 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பு முதல் அதற்கென்றே வசதி இருக்கிறது.

தமிழுக்கு யூனிகோடு வேண்டும் என்று கற்றுக்கொண்டவர்கள் அடுத்து விழும் குழியும் உண்டு. கைப்பேசி எண்ணைச் சாதாரண எழுத்து வகையில் சேமித்து இன்டெக்ஸும் போட்டிருப்பார்கள். டாட்நெட் நிரல் தேடும் எண்ணை யூனிகோடு வகையாக அனுப்பும். வகை பொருந்தாததால், எழுத்துகளை ஒப்பிடும் விதியைச் சொல்லும் சில வரிசைமுறை அமைப்புகளில், எஸ்கியூஎல் சர்வர் டேபிளில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் மாற்றி மாற்றி ஒப்பிடும். இன்டெக்ஸ் இருந்தும் பயனில்லை. பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் இதைப் பார்த்ததில்லை என்கிறார்கள். குவெரியை டேட்டாபேஸ் எப்படி நிறைவேற்றுகிறது என்று காட்டும் செயல்திட்டத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் இல்லாததுதான் காரணம்.

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து தென்காசி தனி மாவட்டமானது. அதன் பிறகு ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் முகவரிகளைத் திருத்த ஒருவர் ஒரே கட்டளை எழுதினார். 627 என்று தொடங்கும் பின்கோடுகளை எல்லாம் தென்காசி ஆக்கினார். சங்கரன்கோவிலுக்கும் 627, பாளையங்கோட்டைக்கும் 627. மறுநாள் காலை பாளையங்கோட்டைக்காரர்கள் அனைவரும் தென்காசி மாவட்டத்தில் இருந்தார்கள். என்னை அழைத்தபோது முதல் நாள் மாலை எடுத்த பிரதி ஒன்று இருந்ததால் பிழைத்தார்கள். உறுதி செய்யும் வரை மாற்றத்தைத் திரும்பப் பெற வழிவிடும் டிரான்சாக்ஷன் ஒன்றைத் தொடங்கிக் கட்டளையை ஓட்டி, எத்தனை வரிசை மாறியது என்று பார்த்து, அந்த எண் எதிர்பார்த்ததோடு பொருந்தினால்தான் உறுதி செய்ய வேண்டும். இதைத் தெரியாதவர் எவரும் இல்லை, செய்பவர்கள் குறைவு. அதனால் இதை நான் சொல்லிக்கொடுப்பதில்லை. வகுப்பில் ஒவ்வொருவர் கையாலும் பத்துத் தடவையாவது செய்ய வைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை. உவரி பக்கத்துக் கடற்கரையில் போர்த்துக்கீசியக் காலத்துக் குடும்பப் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. ஒரு மருத்துவமனையின் பதிவு மென்பொருளில் டி'சோசா என்று ஆங்கிலத்தில் உள்ளிட்டாலே பிழை வந்துகொண்டிருந்தது. பெயருக்கு நடுவில் இருக்கும் ஒற்றை மேற்கோள் குறியை, குவெரி அங்கேயே முடிந்துவிட்டது என்பதற்கான அடையாளமாக டேட்டாபேஸ் எடுத்துக்கொண்டது. பெயரை நேரடியாகக் குவெரியோடு ஒட்டி எழுதியிருந்ததே காரணம். அனுபவம் உள்ள ஒருவர்தான் சரிசெய்தார்: எல்லாப் பெயர்களிலிருந்தும் அந்தக் குறியை நீக்கிவிடும்படி ஒரு வரி சேர்த்தார். பிழைச் செய்தி நின்றது.

நோய் அப்படியே இருந்தது. பெயர்ப் பெட்டியில் மேற்கோள் குறி குவெரியை உடைக்கிறது என்றால், வயது போன்ற எண் பெட்டியில் குறியே இல்லாத சில சொற்களைச் சேர்த்து எழுதி எல்லா நோயாளிகளின் பட்டியலையும் வெளியே எடுக்க முடியும். எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் என்ற இந்தத் தாக்குதல் முறை 1998 முதலே வெளிப்படையாகத் தெரிந்தது. இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் பட்டியலில் 2010, 2013, 2017 ஆகிய மூன்று முறையும் முதலிடம் இன்ஜெக்ஷனுக்குத்தான். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. மருந்தோ மிகப் பழையது, எளியது: மதிப்பைக் குவெரியோடு ஒட்டாமல் பாராமீட்டராகத் தனியே அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினால் எந்தக் குறி வந்தாலும் அது வெறும் பெயர்தான். கட்டளையாக மாறவே மாறாது.

அந்த நிரலை எழுதியவர் வகுப்புக்கு வந்திருந்தார். உணவு இடைவேளையிலும் எழுந்து போகாமல் ஒவ்வொரு குவெரியாகத் தேடிப் பாராமீட்டருக்கு மாற்றிக்கொண்டிருந்தார். மாலை ஐந்து மணிக்கு, குறியை நீக்கும் அந்த ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தார். பிறகு மருத்துவமனைப் பதிவுக் கவுன்டரில் இருக்கும் பெண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னார்: "தங்கச்சி, நாளை முதல் உவரிக்காரர்கள் வந்தால் பெயரை அவர்களிடமே கேட்டு, அவர்கள் எழுதுகிற மாதிரியே பதிந்துகொள். பழையவற்றையும் ஒவ்வொன்றாகத் திருத்திவிடுவோம்."