அலுமினியக் கதவில் ஆர்கான் வைக்கும் முன்

ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸ் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். பல மாடல்களில் அலுமினிய பாடி கொண்ட ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களும் அங்கே தயாராகும் என்ற செய்தி வந்ததிலிருந்து, வேலூர்ப் பக்கத்து டிங்கரிங் பட்டறைத் தம்பிகள் என்னிடம் அதிகம் கேட்பது அலுமினியத்தை ஆர்கான் வெல்டிங்கில், அதாவது ஆர்கான் வாயுவின் காப்பில் ஒட்டும் டிக் (TIG) முறையில், ஒட்டுவதைப் பற்றித்தான். ஆசை நல்லது. இரும்புத் தகட்டில் பழகிய கையோடு நேராக வாடிக்கையாளரின் கதவில் இறங்குவதுதான் எனக்குக் கவலை.

இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் 660 டிகிரி வாக்கில் உருகிவிடும். அதுவரை நிறம் மாறாது. மேலே படிந்த ஆக்சைடு தோலோ 2,000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். தோல் அப்படியே நிற்க, உள்ளே உலோகம் இளகியிருக்கும். சூடு பத்தவில்லை என்று, வெல்டிங் சூட்டைக் கூட்டும் கால் பெடலை இன்னும் மிதித்தால் சட்டென்று ஓட்டை விழும்.

ஆகவே சுத்தம்தான் முதல் பாடம். முதலில் அசிட்டோனில் எண்ணெயைத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே ஆக்சைடு தோலை எடுக்க பிரஷ் போட வேண்டும். மாற்றிச் செய்தால் எண்ணெயை உலோகத்துக்குள்ளேயே தேய்த்துவிடுவீர்கள். பிரஷ் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக, அலுமினியத்துக்கு மட்டும் என்று தனியாக இருக்கட்டும். இரும்பில் ஓட்டிய கிரைண்டர் சக்கரத்தை இதில் வைத்தால் இரும்புத் துகள் பதிந்து, பிறகு அந்த இடத்தில் அரிப்பு பிடித்து பெயின்ட் கொப்பளிக்கும்.

துடைக்க பிரேக் கிளீனரை மட்டும் எடுக்காதீர்கள். குளோரின் கலந்த வகையாக இருந்தால் ஆர்க் (வெல்டிங் மின்பொறி) பட்டதும் பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும். கொஞ்சம் மூச்சில் போனாலும் நுரையீரலைக் கெடுக்கும். திணறல் சில மணி நேரம் கழித்துக்கூடத் தெரியலாம். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

மெஷினில் ஏ.சி. மின்சாரம், சிலிண்டரில் சுத்த ஆர்கான். இரும்புக்கு வைத்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு கலவை இதற்கு ஆகாது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாமல் ஷெட்டில் நிற்க முடியாது, தெரியும். ஆனால் ஃபேன் காற்று ஆர்கானைக் கலைத்துவிட்டால் வெல்டு முழுக்கப் பொத்தல். ஆர்க் எரியும் நேரம் அதை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். மழைக்காலத்தில் ஃபில்லர் ராடில் (ஒட்டில் உருக்கிச் சேர்க்கும் கம்பி) ஈரம் ஏறினாலும் இதே தொல்லைதான். மூடிய குழாயில் வையுங்கள்.

வெளிப்பேனலில் ஒரே இழுப்பாகப் போகாமல், தள்ளித் தள்ளி டாக் (சின்னப் புள்ளி வெல்டு) வைத்து, ஆறவிட்டு நிரப்புங்கள். இல்லாவிட்டால் தகடு நெளிந்துவிடும்.

சரி, எல்லா இடத்திலும் வெல்டு வைக்கலாமா? கூடாது. வெல்டுக்குப் பக்கத்தில் அலுமினியம் பலம் இழக்கும். தூண், சட்டம் போன்ற பாகங்களை நிறுவனங்கள் பெரும்பாலும் ரிவெட்டும் பசையும் கொண்டே இணைக்கின்றன. அந்த வண்டியின் ரிப்பேர் கையேடு அனுமதிக்காத இடத்தில் வெல்டிங் டார்ச்சை வைக்காதீர்கள். பழகுவதற்கு அதே கனத்தில் பழைய அலுமினிய பானெட் துண்டு போதும். ஒட்டியதை வைஸில் பிடித்து மடக்குங்கள்; ஒட்டு பிளந்தால் கதவுக்கு இன்னும் நேரம் வரவில்லை.