மருன்னு வெட்ட வந்தாரு, லென்ஸ்ல பாத்தா கால் ஆட்டுது

"முழங்காலுக்குப் பின்னாடி புதுசா ஒரு மரு வந்திருக்கு டாக்டர், நாலு நாளா பெருசாயிட்டே போகுது, வெட்டி எடுத்துரலாமா"ன்னு ஒருத்தர் வந்தாரு. தோல் டாக்டருக்கு இது தினப்படி வர்ற கேஸ், அதனால நானும் பெருசா யோசிக்காம லென்ஸ எடுத்து வச்சுப் பாத்தேன். சாம்பல் கலர்ல பயறு சைஸ்ல உருண்டையா, தோலு இழுத்துக் கட்டுன மாதிரி பளபளன்னு இருந்துச்சு, அது தோலோட சேர்ற எடத்துல ரெண்டு பக்கமும் குட்டிக் குட்டியா கால், அதுல ஒண்ணு மெதுவா அசையுது. "சார், இது மரு இல்ல, உண்ணி, உயிரோட இருக்கு"ன்னு சொன்னதும் மனுஷன் டேபிள விட்டே எறங்கிட்டாரு.

அப்புறம் அவர் கேட்டதுதான் எல்லாரும் கேக்குறது. "கடிச்சா எனக்குத் தெரிஞ்சிருக்காதா டாக்டர்?"

தெரியாதுங்க. உண்ணியோட எச்சில்லயே வலி தெரியாம பண்றதுக்கும் ரத்தம் உறையாம வச்சுக்கிறதுக்கும் சரக்கு இருக்கு. வாய்ப்பகுதில பின்பக்கமா வளைஞ்ச முள்ளு இருக்கும், அது போதாதுன்னு நெறைய வகைங்க சிமெண்ட் மாதிரி ஒண்ணச் சுரந்து தன்னையே தோலோட ஒட்டிக்கும். "உண்ணி மாதிரி ஒட்டிக்கிட்டான்"னு நம்ம ஆளுங்க சும்மா சொல்லல. கொசு குடிச்சுட்டு ஓடிரும், இது நாள்கணக்குல உக்காந்து குடிக்கும்.

இன்னொரு நம்பிக்கை, உண்ணி மரத்துல இருந்து தலைல விழும்ங்கிறது. உண்ணிக்குப் பறக்கவும் தெரியாது குதிக்கவும் தெரியாது. புல்லு நுனிலயோ செடி இலை ஓரத்துலயோ ஏறி, பின்னங்காலால புடிச்சுக்கிட்டு முன்னங்கால ரெண்டையும் விரிச்சு நீட்டிட்டு காத்துக்கிட்டு இருக்கும். அந்த முன்னங்கால்லதான் நம்ம மூச்சுக்காத்து, உடம்புச் சூடு, வாசனை எல்லாத்தையும் மோப்பம் புடிக்கிற உறுப்பு இருக்கு. நீங்க ஒரசிட்டுப் போனா போதும், தொத்திக்கும், அப்புறம் மெதுவா மேல ஏறி நல்ல எடமாப் பாத்து உக்காரும். தலைல கண்டுபுடிச்சீங்கன்னா அது கால்ல இருந்து நடந்து வந்ததா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. அதனால நடக்கும்போது பாதைக்கு நடுவுல நடங்க, ஓரத்துப் புல்ல ஒரசாதீங்க, விழுந்த மரத்து மேலயும் சருகு குவியல் மேலயும் உக்காந்து போட்டோ எடுக்காதீங்க.

இதுல நான் ஜாஸ்தி பயப்படுறது பெரிய உண்ணிய இல்ல, அதோட சின்ன வயசுக்காரங்கள. முட்டைல இருந்து வர்ற குஞ்சுக்கு ஆறு கால், அதுக்கு அடுத்த ஸ்டேஜ்ல எட்டு கால், அப்போ அது கசகசா சைஸ்தான். உடம்புல இருந்தாலும் அழுக்குன்னுதான் நெனப்பீங்க.

சரி, கடிச்சா என்ன ஆகும்? நெறைய தடவை ஒண்ணும் ஆகாது, எல்லா உண்ணியும் கிருமியோட திரியல. ஆனா கிருமி இருந்தா வகைவகையா வரும். லைம் நோய் இருக்கே, அமெரிக்காவுல லைம்ங்கிற ஊர்ப் பேரால வந்தது, அதுக்குக் காரணமான பாக்டீரியாவக் கண்டுபுடிச்சத 1982ல வில்லி பர்க்டார்ஃபர்ங்கிற விஞ்ஞானியோட டீம் வெளியிட்டாங்க. கர்நாடகாவுல கியாசனூர் காட்டுல 1957ல குரங்குங்க செத்து விழுந்தப்போ கண்டுபுடிச்ச காய்ச்சல் வைரஸால வர்றது, அதையும் பரப்புறது உண்ணிதான். லைம் கிருமி உண்ணியோட குடல்ல இருந்து எச்சிலுக்கு வந்து நம்ம உடம்புக்குள்ள போறதுக்கு பொதுவா 24 மணி நேரத்துக்கு மேல ஆகும், அதனால அன்னைக்கே பாத்து எடுத்துட்டா பெரும்பாலும் தப்பிச்சுக்கலாம். ஆனா சில வைரஸ் நிமிஷக் கணக்குலயே எறங்கிரும், அதனால "24 மணி நேரம் டைம் இருக்கு, தூங்கி எந்திரிச்சுப் பாத்துக்கலாம்"னு மட்டும் இருக்காதீங்க.

ஒரு பேர்க் குழப்பத்தையும் சொல்லிடுறேன். தமிழ்ல 'உண்ணிக் காய்ச்சல்'னு நியூஸ்ல வர்றது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ், அதைப் பரப்புறது உண்ணி இல்ல, அதோட சொந்தக்காரனான மைட்ங்கிற ஒரு நுண்பூச்சியோட குஞ்சு. கண்ணுக்கே சரியாத் தெரியாது, கடிச்ச எடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பா ஒரு பொருக்கு விடும். நல்லவேளையா தற்காப்பு ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

டிரஸ் விஷயம். ஃபுல் ஹேண்ட் சட்டை, பேண்ட், பேண்ட்டோட நுனிய சாக்ஸுக்குள்ள விடணும், பாக்க காமெடியாத்தான் இருக்கும், பரவால்ல. வெளிர் கலர் போடச் சொல்றது எதுக்குன்னா ஊர்ந்து போறது கண்ணுல படும், அவ்வளவுதான். தோலுக்கு, பூச்சிய அண்டவிடாத டீட்ங்கிற மருந்து 20ல இருந்து 30 சதவீதம் இருக்குற ஸ்ப்ரே, இல்லன்னா அதே மாதிரி பிகாரிடின் 20 சதவீதம். சன்ஸ்க்ரீன் போடுறவங்க அதை மொதல்ல போட்டுட்டு அதுக்கு மேல இத போடுங்க, ரெண்டு மாசத்துக்குக் கம்மியான கொழந்தைக்கு ஸ்ப்ரே எதுவும் வேணாம். துணிக்கும் ஷூவுக்கும் பெர்மெத்ரின்ங்கிற பூச்சிக்கொல்லி 0.5 சதவீதம் அடிச்சு நல்லா காயவிட்டுப் போட்டா உண்ணி அதுல ஏறுனாலே சாகும். இது துணிக்கு மட்டும், தோல்ல அடிக்கக் கூடாது, வீட்ல பூனை இருந்தா ஈரமா இருக்குறப்போ கிட்டவே விடாதீங்க, அதுக்கு விஷம்.

ஸ்ப்ரேவ விட எனக்கு நம்பிக்கை வீட்டுக்கு வந்தப்புறம் பண்ற வேலைல. வந்ததும் துணியக் கழட்டி கட்டில் மேல போடாதீங்க. பச்சத்தண்ணில தொவைச்சா உண்ணி சாகாது, காஞ்ச துணிய அப்படியே டிரையர்ல ஹை ஹீட்ல 10 நிமிஷம் போட்டா காஞ்சு செத்துரும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள குளிச்சுருங்க, இன்னும் ஒட்டாம ஊர்ந்துட்டு இருக்குறது போயிரும். அப்புறம் கண்ணாடி முன்னாடி நின்னு நல்ல வெளிச்சத்துல தேடணும். காதுக்குப் பின்னாடி, தலைமுடிக்குள்ள, அக்குள், தொப்புள், ஜட்டி எலாஸ்டிக் ஓரம், தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின்னாடி, கால்விரல் நடுவுல. கண்ணுல படாதது கைல தட்டுப்படும், விரலால தடவிப் பாருங்க. கூட வந்த நாயையும் விட்டுறாதீங்க, அது கொண்டு வர்றது உங்க சோஃபாலதான் எறங்கும்.

இப்போ ஒட்டிக்கிட்டு இருக்கு, என்ன பண்றது? மொதல்ல என்ன பண்ணக் கூடாதுன்னா, ஒரு அம்மா பையனோட கழுத்துல இருந்த உண்ணிக்கு தீக்குச்சிய வச்சு, நான் கடைசில வைத்தியம் பண்ணது சூட்டுப் புண்ணுக்கு. மண்ணெண்ணெய், வாசலின், நெயில் பாலிஷ் எல்லாம் அதே ரகம். உண்ணி ரொம்ப அரிதாத்தான் மூச்சு விடும், அடைச்சு வச்சா உடனே சாகாது, அதைத் தொந்தரவு பண்ணா உள்ள இருக்குறதத் திருப்பிக் கக்கவும் வாய்ப்பிருக்கு. நுனி கூரான ட்வீசரால, வயித்தப் புடிக்காம, தோலுக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்டப் புடிச்சு நேரா மேல நிதானமா இழுங்க. திருகாதீங்க, வெடுக்குன்னும் இழுக்காதீங்க. தோலு கூடாரம் மாதிரி கொஞ்சம் மேல வரும், அப்படியே புடிச்சுட்டு இருந்தா விட்டுரும். வாய்ப்பகுதி ஒடஞ்சு உள்ள நின்னா சுலபமா வந்தா எடுங்க, இல்லன்னா விட்டுருங்க, தோலே தள்ளிரும், ஊசியால நோண்டிட்டு வர்றவங்கதான் எங்கிட்ட ஜாஸ்தி. சோப்புப் போட்டுக் கழுவுங்க. உண்ணிய விரலால நசுக்காம செல்லோடேப்ல ஒட்டி தேதி எழுதி வையுங்க.

அடுத்த ஒரு மாசம் அந்த எடத்த கவனிக்கணும். மொத ரெண்டு நாள்ல வர்ற சின்னச் செவப்பு சாதாரணக் கடித் தடிப்பு. லைம் தடிப்பு 3ல இருந்து 30 நாளுக்குள்ள வரும், நாளாக நாளாக விரியும், பெரும்பாலும் அரிக்காது, படத்துல போடுற மாதிரி வளையம் வளையமா இருக்கணும்னு இல்ல, கருப்புத் தோல்ல கன்னிப்போன மாதிரி மட்டும் தெரியலாம். தடிப்பே வராமலும் போகும். காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி வந்தா டாக்டர்கிட்ட உண்ணி கடிச்சத வாயத் தொறந்து சொல்லுங்க, நாங்களா கேப்போம்னு இருக்காதீங்க. லைம் இருக்குற எடங்கள்ல சில பேருக்கு 72 மணி நேரத்துக்குள்ள ஒரே ஒரு டோஸ் டாக்சிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாட்டிக் தர்றது உண்டு, ஆனா அது உண்ணி வகை, எவ்வளவு நேரம் ஒட்டியிருந்துச்சு எல்லாம் பாத்து முடிவு பண்றது, நீங்களா வாங்கிப் போடாதீங்க. கொழந்தைக்கு திடீர்னு நடை தள்ளாடி காலு வலுவிழந்தா உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க, அங்க தலைமுடிக்குள்ளயும் தேடச் சொல்லுங்க. சில உண்ணியோட எச்சில் நரம்பையே முடக்கும்.

மரு சார் மூணு வாரம் கழிச்சு ரிவியூவுக்கு வந்தாரு. தடிப்பு இல்ல, காய்ச்சல் இல்ல. பர்ஸ்ல இருந்து மடிச்ச பேப்பர எடுத்தாரு, டேப்புக்கு அடில காஞ்ச உண்ணி, மேல தேதி, மாட்டுன டைம் வரைக்கும் எழுதியிருந்தாரு. அப்புறம் சட்டைய தூக்கி முதுகக் காட்டி "இதையும் ஒரு தடவை அந்த லென்ஸ்ல பாருங்க டாக்டர்"னாரு. பாத்தேன், இது நெஜமாவே மருதான்.