அத்தாரிட்டி: ஆணையமா, அதிகாரசபையா?

நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி, லகார்டியா, பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியின் நியூவர்க். இந்த மூன்று விமான நிலையங்களையும் நிர்வகிப்பது ஒரே அமைப்பு: 'போர்ட் அத்தாரிட்டி'. இதைத் 'துறைமுக அதிகாரிகள்' என்று எழுதினால் பொருளே மாறிவிடும். அது ஆட்களைக் குறிக்கும் பெயர் அல்ல, சட்டத்தால் பிறந்த ஓர் அமைப்பின் பெயர்.

அத்தாரிட்டியின் வேர் லத்தீனில் இருக்கிறது. வளர்த்தல் என்ற பொருள் தரும் வினையிலிருந்து, ஒன்றைத் தோற்றுவிப்பவரைக் குறிக்கும் சொல் வந்தது. நூலாசிரியரைச் சொல்லும் 'ஆத்தர்' அதன் வழி வந்ததுதான். அவருடைய சொல்லுக்கு இருக்கும் மதிப்பு முதலில் அத்தாரிட்டி ஆனது. பிறகு அதிகாரம், அப்புறம் அந்த அதிகாரத்தைப் பெற்ற அமைப்பு என்று பொருள் நகர்ந்தது. 1909இல் லண்டன் துறைமுகத்துக்கு இப்படியோர் அமைப்பு வந்தது. நியூயார்க்கில் 1921இல்.

அந்த அதிகாரம் எவ்வளவு என்று பார்த்தால்தான் சொல் முழுதாகப் புரியும். இரண்டு மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டு, அமெரிக்க நாடாளுமன்றத்தின் இசைவோடு உருவாக்கிய அமைப்பு இது. ஆளுநருக்கு ஆறு பேர் வீதம் பன்னிரண்டு உறுப்பினர்கள். வரி விதிக்கும் உரிமை கிடையாது. விமானம் இறங்கும் கட்டணம், முனைய வாடகை, வண்டி நிறுத்தும் கட்டணம், பாலச் சுங்கம் போன்றவற்றில் வரும் பணத்தில்தான் ஓடுகிறது. பெரிய கட்டுமானங்களுக்குக் கடன்பத்திரம் வெளியிடுகிறது. கென்னடி, லகார்டியா நிலையங்களின் நிலம்கூட அதனுடையது இல்லை. நியூயார்க் நகரத்துக்குச் சொந்தமானதை 1947 முதல் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது. வானில் விமானங்களை வழிநடத்துவதோ கூட்டாட்சி அரசின் வேலை. ஆக, இது எல்லைக் கோடு போட்டுக் கொடுக்கப்பட்ட அதிகாரம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டில் 'ஆணையம்' பரவலாக வழங்குகிறது: இந்திய விமான நிலைய ஆணையம், தேசிய நெடுஞ்சாலை ஆணையம். ஆனால் தேர்தல் ஆணையத்தில் அதே சொல் 'கமிஷன்' என்பதற்கும் நிற்கிறது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திலோ அத்தாரிட்டி 'குழுமம்' ஆகிவிட்டது. ஒரு சொல்லுக்கு இரு பொருள், ஒரு பொருளுக்கு இரு சொல். இலங்கைத் தமிழ் இதைத் தெளிவாகப் பிரித்திருக்கிறது: துறைமுக அதிகாரசபை, தேர்தல் ஆணைக்குழு. 'அதிகாரசபை' என்னும்போது கொடுக்கப்பட்ட அதிகாரமும் கூடி முடிவெடுக்கும் சபையும் சேர்ந்தே தெரிகின்றன. என் தேர்வு அதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் 'ஏர்போர்ட்' என்ற சொல்லுக்குள்ளேயே 'போர்ட்' இருப்பதால், போர்ட் அத்தாரிட்டி விமான நிலையம் நடத்துவது காதுக்கு உறுத்தாது. தமிழில் 'விமான நிலையம்' என்பதில் துறை எங்கும் இல்லை. துறைமுக அமைப்புக்கு ஓடுதளத்தில் என்ன வேலை என்று வாசகர் தடுமாறுவார். அதனால் முதல் முறை எழுதும்போது 'விமான நிலையங்களையும் நடத்தும் நியூயார்க் - நியூ ஜெர்சி துறைமுக அதிகாரசபை' என்று விரித்து எழுதலாம். அடுத்தடுத்த இடங்களில் 'அதிகாரசபை' என்றாலே போதும்.