அலுமினியம் பிளைவீல் வேண்டுமா? முதலில் வண்டி எதற்கு என்று சொல்லுங்கள்

"கியர்பாக்ஸ் போச்சு சார், உள்ளே கூழாங்கல்லைப் போட்டு உருட்டுற மாதிரி சத்தம் வருது." இந்த வாரமும் ஒரு வண்டி இப்படித்தான் வந்து நின்றது. நியூட்ரலில் விட்டால் கடகட சத்தம். கிளட்ச் பெடலை மிதித்தேன், நின்றது. காலை எடுத்தேன், மறுபடி தொடங்கியது. கியர்பாக்ஸில் ஒரு பழுதும் இல்லை. கம்பெனி கொடுத்த இரட்டை நிறை பிளைவீலை (நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டு துண்டாகச் செய்தது) கழற்றிவிட்டு, அலுமினிய ஒற்றை பிளைவீலை மாட்டி, பழைய கிளட்ச் பிளேட்டையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். எதற்காக மாற்றினீர்கள் என்று கேட்டேன். "பதினைந்து எச்.பி. ஏறும்னு சொன்னாங்க."

இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால் இதை முதலில் முடித்துவிடுகிறேன்.

பிளைவீல் என்பது எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க்கின் நுனியில், கிளட்ச்சுக்கு முன்னால் மாட்டியிருக்கும் கனத்த வட்டத் தட்டு. அது சக்தியை உண்டாக்குவதில்லை. எரிபொருள் எரிவது சிலிண்டருக்குள். பிளைவீல் அந்தச் சக்தியில் கொஞ்சத்தை வாங்கிச் சேர்த்துவைத்து, பிறகு திருப்பிக் கொடுக்கிறது. எஞ்சின் 5000 ஆர்.பி.எம்.மில் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது, பிளைவீல் எட்டுக் கிலோவாக இருந்தாலும் நாலு கிலோவாக இருந்தாலும் கிராங்க்கில் கிடைக்கும் எச்.பி. ஒன்றேதான். ஆர்.பி.எம்.மை நிலையாகப் பிடித்து அளக்கும் டைனோவில் (எஞ்சின் சக்தியை அளக்கும் கருவி) இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், வித்தியாசமே வராது.

"ஆனால் டைனோ சீட்டில் ஏறியிருக்கிறதே?" ஏறும். பெரும்பாலான டைனோக்கள் உருளையைச் சுழலவைத்து, அது எவ்வளவு விரைவாக வேகம் எடுக்கிறது என்பதிலிருந்து எச்.பி.யைக் கணக்கிடுகின்றன. வேகம் ஏறும்போது பிளைவீலும் சேர்ந்து வேகம் எடுக்க வேண்டும். அதற்குச் செலவாகும் சக்தி உருளைக்குப் போய்ச் சேராது. பிளைவீல் இலேசானால் அந்தச் செலவு குறையும், உருளைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். கணக்காகவே பார்க்கலாம். 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள எட்டுக் கிலோ தட்டைக் கழற்றிவிட்டு நாலு கிலோ தட்டைப் போடுகிறோம். எஞ்சின் 3000-லிருந்து 7000 ஆர்.பி.எம். ஏற மூன்று வினாடி ஆகிறது என்றால், மிச்சமாகும் சக்தி சராசரியாக நாலு எச்.பி.க்குக் கொஞ்சம் குறைவு. அதே ஏற்றத்துக்கு மேல் கியரில் பன்னிரண்டு வினாடி ஆனால், ஒரு எச்.பி.கூட முழுசாக இல்லை. ஒரே எஞ்சின், ஒரே பிளைவீல், கியரை மாற்றினால் 'லாபம்' மாறுகிறது. எஞ்சினுக்கு உண்மையிலேயே எச்.பி. ஏறியிருந்தால் எந்த கியரிலும் அது அப்படியே இருக்க வேண்டாமா? ஆகவே டைனோ சீட்டை நீட்டிப் பிளைவீல் விற்பவரிடம், எந்த கியரில் ஓட்டினீர்கள் என்று மட்டும் கேளுங்கள். பதில் வராது.

அப்படியானால் இலேசான பிளைவீலால் பயனே இல்லையா? இருக்கிறது, இடம் பார்த்து. எஞ்சின் சக்கரத்தோடு எத்தனை மடங்கு கியர் விகிதத்தில் இணைந்திருக்கிறதோ, அதன் வர்க்கத்துக்கு ஏற்பப் பிளைவீலின் சுமையும் பெருகும். மேலே சொன்ன அதே நாலு கிலோ குறைப்பு, முதல் கியரும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து 14 மடங்கு என்றால், வண்டியிலிருந்து சுமார் 85 கிலோவை இறக்கிவைத்ததற்குச் சமம். ஓர் ஆளை இறக்கிவிட்டது போலத்தான். ஐந்தாவது கியரில் மொத்த விகிதம் 3.4 என்றால், அதே குறைப்பு வெறும் ஐந்து கிலோ. முதல் இரண்டு கியரில் பிக்கப் நன்றாகத் தெரிகிறது, நெடுஞ்சாலையில் ஒன்றுமே தெரியவில்லை என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை, கணக்கே அதுதான். இதைவிடப் பெரிய லாபம் ரேஸ் டிராக்கில், கியரைக் குறைத்து வளைவுக்குள் நுழையும்போது கிடைக்கிறது. ஆக்சிலரேட்டரைத் தட்டியவுடன் ஆர்.பி.எம். எழுந்து நிற்கும், விட்டவுடன் விழும். கால் பழகியவருக்கு அது சுகம். கால் பழகாதவருக்கு ஒவ்வொரு கியர் மாற்றமும் ஒரு குலுக்கல், ஏனென்றால் அடுத்த கியர் விழுவதற்குள் ஆர்.பி.எம். தாண்டிக் கீழே போயிருக்கும்.

வாங்கும்போது எல்லோரும் கேட்கும் கேள்வி "எத்தனை கிலோ?" தவறான கேள்வி. எடை எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. மையத்திலிருந்து 14 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு கிலோ, 7 சென்டிமீட்டரில் இருக்கும் ஒரு கிலோவைப்போல் நாலு மடங்கு தடுக்கும். நடுவில் ஓட்டை ஓட்டையாகத் துளைத்து எடை குறைத்த பிளைவீல் தராசில் அழகாக இருக்கும், ஓட்டத்தில் பழையதைப் போலவே இருக்கும். விளிம்பு மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளர் நிலைமத் திருப்புத்திறனை, அதாவது சுழல வைக்க எவ்வளவு தடுக்கும் என்ற அளவை, சொல்கிறாரா என்று பாருங்கள். அதைச் சொல்கிறவர் தன் வேலை தெரிந்தவர்.

அடுத்தது உரசும் முகம். அலுமினியத்தின் மேல் கிளட்ச் பிளேட் நேரடியாக உரசக் கூடாது. அலுமினியம் மென்மையானது, 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அதற்கு வெகு முன்பே, 200 டிகிரியைத் தாண்டும்போதே வலு குறையத் தொடங்கும். அதனால் நல்ல அலுமினியம் பிளைவீலில் உரசும் இடத்தில் எஃகுத் தட்டு ஒன்று போல்ட் அல்லது ரிவெட் போட்டுப் பொருத்தப்பட்டிருக்கும். தேய்ந்தால் அந்தத் தட்டை மட்டும் மாற்றலாம். அந்தத் தட்டு உங்கள் மாடலுக்குத் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேட்டுவையுங்கள். இரண்டு வருடம் கழித்துத் தட்டு கிடைக்காமல் பிளைவீலையே தூக்கிப் போட்டவர்கள் உண்டு. ஸ்டார்ட்டர் மோட்டார் கவ்விச் சுற்றும் பல் வளையமான ரிங் கியரையும் கவனியுங்கள். சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், குளிரில் அதே அளவு சுருங்கும். வெறும் இறுக்கத்தில் மட்டும் நிற்கும் ரிங் கியரை நான் நம்பமாட்டேன், திருகும் போட்டுப் பூட்டியிருக்க வேண்டும்.

இனி திட்டப் போகிறேன். கம்பெனி வார்ப்பிரும்புப் பிளைவீலை லேத்தில் கொடுத்து, "சும்மா ரெண்டு கிலோ சீவிக் குடுங்க" என்று கேட்பவர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். சுழற்சியால் உண்டாகும் இழுவிசை ஆர்.பி.எம்.மின் வர்க்கமாக ஏறுகிறது, வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு. 8000 ஆர்.பி.எம்.மில் 28 சென்டிமீட்டர் பிளைவீலின் விளிம்பு மணிக்கு 420 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். உடைந்த துண்டு பெல் ஹவுசிங்கோடு (பிளைவீலையும் கிளட்ச்சையும் மூடியிருக்கும் கூடு) நிற்கும் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை, பல வண்டிகளில் அதற்குப் பக்கத்திலேயே உங்கள் கால்கள் இருக்கின்றன. நேர்கோட்டில் பாயும் டிராக் (drag) ரேஸில், பந்தய உதிரிபாகங்களின் பாதுகாப்புக்கான எஸ்.எஃப்.ஐ. 1.1 சான்று கேட்பதும், சில பிரிவுகளில் பெல் ஹவுசிங்குக்கே தனிச் சான்று கேட்பதும் சம்பிரதாயத்துக்காக அல்ல. பந்தய வண்டிக்கு வாங்குகிறீர்கள் என்றால் அந்த முத்திரை இல்லாத பிளைவீலைத் தொடாதீர்கள். தெருவில் மட்டும் ஓட்டினாலும் அந்த முத்திரையுள்ளதையே வாங்குங்கள் என்பேன்.

பேலன்ஸ் விஷயத்திலும் பலர் சிக்குகிறார்கள். சில எஞ்சின்களில் கிராங்க்கின் பேலன்ஸ் உள்ளேயே முடிந்துவிடும், பிளைவீல் சமநிலையில் இருந்தால் போதும். சிலவற்றில் பிளைவீலிலேயே வேண்டுமென்று ஒரு பக்கம் எடை வைத்திருப்பார்கள். ஃபோர்டு 302 எஞ்சினே நல்ல உதாரணம்: அந்த ஒருபக்க எடையின் அளவு பழையதற்கு 28 அவுன்ஸ்-அங்குலம், 1980-களின் தொடக்கத்திலிருந்து வந்ததற்கு 50. வெளியே பார்த்தால் எஞ்சின் ஒன்றுதான். மாற்றிப் போட்டுவிட்டால் வண்டி நடுங்கும், பிறகு மெயின் பேரிங் போகும். எஞ்சின் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள், வருடத்தையும் கிராங்க்கையும் சொல்லி வாங்குங்கள்.

கிராங்க் சென்சார் பிளைவீலில் இருந்து படிக்கும் எஞ்சின்கள் இருக்கின்றன. பல் கொண்ட அந்த வளையம் எஃகாக இருக்க வேண்டும், காந்த சென்சாருக்கு அலுமினியப் பல் கண்ணுக்கே தெரியாது. ஸ்டார்ட் ஆகவில்லை என்று வயரிங்கைப் பிரித்துப்போட்டுத் தேடிய கதைகள் இதில்தான் வரும்.

இப்போது அந்தக் கடகட சத்தம். இரட்டை நிறை பிளைவீலுக்குள் ஸ்பிரிங் இருக்கிறது. எஞ்சின் ஒவ்வொரு முறை எரியும்போதும் தரும் உதையை அது வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் அதோடு வரும் கிளட்ச் பிளேட்டின் நடுவில் பெரும்பாலும் ஸ்பிரிங் இருக்காது. பிளைவீலை ஒற்றைத் துண்டாக மாற்றினால் அந்த வேலையைச் செய்ய ஆள் வேண்டும்: ஸ்பிரிங் வைத்த கிளட்ச் பிளேட் கட்டாயம். அதைப் போட்டாலும் ஐடிலிங்கில் சத்தம் முழுசாகப் போகாது. நாலு சிலிண்டர் எஞ்சின் 800 ஆர்.பி.எம்.மில் வினாடிக்கு ஏறக்குறைய 27 முறை உதைக்கிறது, அதை மெத்தென்று ஆக்கிவந்த கனத்தை நீங்களே கழற்றிவிட்டீர்கள், சுமை இல்லாத கியர்கள் ஒன்றையொன்று தட்டத்தான் செய்யும். போர்ஷே 2016-இல் விட்ட 911 ஆர்-இல் ஒற்றை நிறை பிளைவீலை விருப்பத் தேர்வாகத்தான் வைத்தது. சத்தத்தைத் தெரிந்தே வாங்குகிறவருக்கு அது. தெரியாமல் வாங்கிவிட்டு வீட்டில் சண்டை வந்தால் நான் என்ன செய்வது?

டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்து, சிலிண்டர் சரியாக எரியவில்லை (மிஸ்ஃபயர்) என்று சொல்லும் பி 0300 கோடு வந்தால் உடனே பிளக்கையும் காயிலையும் மாற்ற ஓடாதீர்கள். கிராங்க்கின் வேகம் ஒரே சீராக இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் மிஸ்ஃபயரைக் கண்டுபிடிக்கிறது. பிளைவீல் இலேசானதும் சீர் குலையும், மிஸ்ஃபயர் இல்லாதபோதே மிஸ்ஃபயர் ஆகிறது என்று அது நினைத்துக்கொள்ளும். ஏ.சி. போட்டவுடன் எஞ்சின் தடுமாறி அணைவதும் இதே கணக்குதான். ஐடிலிங்கைக் கொஞ்சம் ஏற்றிவைத்தால் பெரும்பாலும் சரியாகும். பிளைவீல் போட்டதைச் சொல்லாமல் டியூனிங்குக்குப் போகாதீர்கள். மருத்துவரிடம் மறைப்பதைவிட மெக்கானிக்கிடம் மறைப்பவர்கள் அதிகம்.

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன், எஞ்சின் முன்பக்கத்தில் கிராங்க் புல்லியில் ரப்பர் வைத்த டேம்பர் இருக்கிறது. "பின்னால் இலேசாக்கியாச்சு, முன்னாலும் அலுமினியம் புல்லி போட்டுடலாம்" என்று சிலர் கிளம்புகிறார்கள். வேண்டாம். அது கிராங்க்கின் முறுக்கு அதிர்வை விழுங்குவதற்காக வைத்தது. பிளைவீலும் அதுவும் ஒரே வேலை செய்வதில்லை.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். கனமான வண்டி, கீழ் ஆர்.பி.எம்.மில் டார்க் இல்லாத எஞ்சின், டிராக் (drag) ஸ்ட்ரிப்பில் நின்ற இடத்திலிருந்து பாய வேண்டும் என்றால் கனமான பிளைவீல்தான் உங்கள் நண்பன், அதில் சேர்ந்திருக்கும் சக்திதான் வண்டியைத் தள்ளிவிடும். தினமும் நெரிசலிலும் மேட்டிலும் நின்று நின்று எடுக்கிறவருக்கும் வேண்டாம். எஞ்சின் அணையாமல் இருக்க அதிகம் மிதித்துக் கிளட்ச்சை வழுக்கவிடுவீர்கள், பிளேட் சீக்கிரம் போகும். எதுவும் முடிவாகவில்லை என்றால் கம்பெனி எடைக்கும் அலுமினியத்துக்கும் நடுவில், குரோம்-மாலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) எஃகில் செய்தது இருக்கிறது. தெருவிலும் ரேஸ் டிராக்கிலும் ஓடும் வண்டிகளுக்கு நான் பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறேன்.

மாட்டும்போது அவசரப்படாதீர்கள். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே பின் ஆயில் சீலையும் பைலட் பேரிங்கையும் (கியர்பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் பேரிங்) பாருங்கள், சந்தேகம் என்றால் மாற்றிவிடுங்கள், இதற்காக மறுபடி இறக்கப் போகிறீர்களா? பிளைவீலைக் கிராங்க்கோடு பிடிக்கும் போல்ட் புதிதாகவே இருக்கட்டும், டார்க் ரெஞ்ச் வைத்துக் குறுக்கு வரிசையில் இறுக்குங்கள். போல்ட் துளை எஞ்சினுக்குள் வரை போகும் வகையென்றால் மரையில் சீலன்ட் வையுங்கள், இல்லையென்றால் ஆயில் ஊறிக் கிளட்ச் நனையும். புதுத் தட்டின் மேல் துருப் பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய் இருக்கும், பிரேக் கிளீனரால் துடைத்தெடுங்கள், துடைத்த பிறகு விரல் வைக்காதீர்கள். டயல் கேஜ் வைத்து முகம் ஆடுகிறதா என்று ஒரு சுற்று பாருங்கள். பிரஷர் பிளேட் போல்ட் அலுமினிய மரையில் இறங்குகிறது, ஏர் கன்னால் அடித்தால் மரை கையோடு வந்துவிடும். கையால் தொடங்கி, கையாலேயே முடியுங்கள்.

முதல் 800 கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டுங்கள், கியர் மாற்றி மாற்றி. மாட்டிய அன்றே நண்பர்களைக் கூட்டி, நின்ற இடத்திலிருந்து பாயும் லாஞ்ச் காட்ட வேண்டாம். கழற்றிய கம்பெனி பிளைவீலைப் பழைய இரும்புக்குப் போடாமல், எண்ணெய் தடவிச் சுற்றி எடுத்துவையுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.